பல்லக்காவின் சுவர்

அந்தத் தெருவில் அவளைப் பல்லக்கா என்றுதான் சொல்வார்கள். பல்லக்கில் ஏறிப் பவனி வந்தவளோ என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பல் செய்கிற அக்கா, அவ்வளவுதான். பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் பட்டறை ஒன்றில், ஜன்னலோர மேசையில், முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கணவருக்குப் பெட்டிக்காரர் என்று பெயர் விழுந்திருந்தது. அச்சுகளைச் சின்ன அட்டைப் பெட்டிகளில் வைத்துப் பட்டறைக்குக் கொண்டுவருவதும், செய்து முடித்த பல்லைத் திரும்ப மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர் வேலை. ஊர் வாயில் விழுந்தால் மானம் போகும் என்பார்கள். இவர்கள் இருவரும் ஊர் வாயில் விழுந்தே பிழைத்தார்கள்.

அவள் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. பீங்கான் தூள் வருடக்கணக்கில் நெஞ்சில் சேர்ந்து, இருமலாகத் தொடங்கி, மூச்சில் வந்து முடிந்தது. பெட்டிக்காரர் அழவில்லை. அழக்கூடாது என்ற வீம்பெல்லாம் இல்லை, வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார், ஆமாம் ஆமாம் என்றார், அவர்கள் போன பிறகு நாற்காலிகளை மடித்து வைத்தார். குழாய்க்கு வாஷர் மாற்றினார். அலமாரிக் கதவு கிறீச்சிடுகிறதென்று எண்ணெய் விட்டார். "கல்லு மாதிரி இருக்காரு மனுஷன்" என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டது அவர் காதிலும் விழுந்தது. யாரையோ பற்றிச் சொல்கிறார்கள் என்பதுபோல் கேட்டுக்கொண்டார்.

ஒருநாள் பெட்டி கொடுக்கப் போன இடத்தில் மருத்துவரிடம் கேட்டார்.

"டாக்டர், மரத்துப்போறதுக்கு ஊசி போடுறீங்களே, அது எத்தனை நேரத்துல தெளியும்?"

"ரெண்டு மணி நேரம், மிஞ்சிப்போனா மூணு. ஏன், யாருக்கு?"

"சும்மாதான் கேட்டேன்."

வாய் மரத்திருக்கும்போது ஆட்கள் தங்கள் கன்னத்தைத் தாங்களே கடித்துக்கொள்வார்கள். ரத்தம் வந்தாலும் தெரியாது. அதனால் தெளியும்வரை எதையும் மெல்லாதே என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். பெட்டிக்காரருக்கு அப்படி ஒரு வார்த்தை சொல்லி வைக்க வீட்டில் ஆளில்லாமல் போயிற்று.

இந்த நிலையில்தான் கடிதம் வந்தது. ஒரு பெரிய ஓவியக் காட்சிக்கூடத்தின் தாளில் தட்டச்சு செய்திருந்தது. "உங்கள் மனைவியார் பின்னறையில் செய்த ஓவியத்தைப் பார்க்க வரும் வியாழக்கிழமை வருகிறோம். அது மிக முக்கியமான ஓவியம் என்று அறிகிறோம். அவர் பெயரில் ஒரு காட்சி நடத்தவும் விருப்பம் உண்டு."

பெட்டிக்காரர் அதை மூன்று தடவை படித்தார். அவளை ஓவியர் என்று ஒருவர் சொல்லி அவர் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை, அவளும் சொல்லிக்கொண்டதில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நான்காவது தடவையும் படித்தார். சந்தோஷம் என்று சொல்லும்படி எதுவும் வரவில்லை. ஆனால் ஒரு நினைப்பு மட்டும் உறுதியாக வந்தது. கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவளுக்கென்று நாம் எதையும் பெரிதாகச் செய்யவில்லை, இதையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும். வருகிறவர்கள் பார்த்துவிட்டு, இவள் ஓவியர்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒழுங்காகத்தான் செய்தார். அதுதான் கொடுமை.

பல்லக்காவின் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல் வெள்ளை என்று சொல்கிறவர்கள் பல்லையே பார்க்காதவர்கள் என்பது அவள் கட்சி. ஈறோரம் மஞ்சள், நடுவில் பால், நுனியில் கண்ணாடியில் தெரிவதுபோல் ஒரு நீலம். இவ்வளவும் ஒரு விரல்நகம் அளவு இடத்தில் வர வேண்டும். வராவிட்டால் சிரிக்கும்போது புதுப் பல் தனியாகத் தெரியும், ஊரே அதைத்தான் பார்க்கும். மற்றவர்கள் பல் நிறங்களை வரிசையாகக் காட்டும் ஷேடு அட்டையைப் பல்லுக்குப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்ப்பார்கள். பல்லக்கா ஆளை ஜன்னலோரம் உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, பத்து எண்ணுவதற்குள் மூடச் சொல்லிவிடுவாள். திறந்தே வைத்திருந்தால் பல் காய்ந்து வெளுத்துப்போகும், அப்புறம் பார்ப்பது பொய் நிறம். பார்த்த கையோடு மடியில் கிடக்கும் சாம்பல் நிறத் துணியைக் குனிந்து பார்ப்பாள். கண்ணைக் கழுவிக்கொள்வது என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள். அவள் கலந்து வைத்த ஒரு கலவையைப் பட்டறையில் இன்றைக்கும் அக்கா வெள்ளை என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பல்லைக் காட்டிச் சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் அவள் கைவேலையைத்தான் காட்டுகிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் அவளைத் தெரியாது.

வீட்டின் பின்னறையில் ஒரே ஒரு ஜன்னல். காலை ஏழு மணிக்கு அதில் வெளிச்சம் விழும், ஏழரைக்குப் பின்தெரு மாடி மறைத்துவிடும். அந்த அரை மணி நேரம் அவளுடையது. சுண்ணாம்பு, பட்டறையில் மிஞ்சிய பீங்கான் தூள், வீட்டுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட், பசை என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஒரு பலகையில் போட்டுக் கலந்து, எதிர்ச் சுவரில் பூசுவாள். பெட்டிக்காரர் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தபடி அன்றைய பெட்டிகளுக்கு நூல் சுற்றுவார்.

"என்ன பண்றே?"

"பூசிப் பாக்கறேங்க."

இருபத்திரண்டு வருடம் இதே கேள்வி, இதே பதில். மூன்றாம் வருடத்துக்குப் பிறகு அவர் கேட்டதுகூட வாய்ப்பழக்கம்தான். சட்டையைப் போட்டுப் பார்க்கிறேன், குழம்பில் உப்பைச் சேர்த்துப் பார்க்கிறேன் என்கிறோமே, அந்த மாதிரி என்று எடுத்துக்கொண்டார். சுவரில் சோதனை பார்க்கிறாள், சரியாக வந்தால் பலகையில் போடுகிறாள். அவர் கணக்கு அப்படி. அதற்கு ஏற்றாற்போல் சுவர் பார்க்க வெள்ளையாகவும் திட்டுத்திட்டாகவும் கிடந்தது. பலகைகளோ மஞ்சளும் சிவப்பும் நீலமும் குழைந்து, நவீன ஓவியம் என்று பத்திரிகையில் போடுவதைப்போலவே இருந்தன. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்று அவருக்காகப் பரிந்து பேசலாம். ஆனால் பார்த்துவிட்டு நினைப்பது வேறு, பார்க்காமலே நினைப்பது வேறு.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் ஆள் மாடிப்படியில் சறுக்கி முன்பல்லை உடைத்துக்கொண்டு வந்தான். அவனுக்குச் செய்த பல் நிறம் சேரவில்லை என்று மூன்று தடவை திரும்பி வந்திருந்தது. பல்லக்கா அவனைப் பட்டறைக்கே வரச்சொல்லி, ஜன்னலோரம் உட்காரவைத்தாள். வாயைத் திறந்தான். போதும், மூடுங்க என்றாள். நாலாவது பல் அவனுடைய பல்லாகவே உட்கார்ந்துவிட்டது. அவனும் ஏதோ படம் போடுகிறவன். எப்படிப் பார்த்தீங்க, எப்படிப் பார்த்தீங்க என்று துளைத்தெடுத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கே வந்துவிட்டான். அடுத்தடுத்த நாட்களிலும் வந்து, பெட்டிக்காரரின் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று நாளும் நின்றபடி டீ குடிக்க வேண்டி வந்ததால் அந்த முன்பல்காரனைப் பெட்டிக்காரருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"யாருடி இவன், செவுத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கான்?"

"பாவம், அவருக்குப் பாக்க வருதுங்க" என்றாள்.

வரட்டும் என்று விட்டுவிட்டார். அவன் அப்புறம் வரவில்லை.

கடிதம் வந்த அன்றைக்கே மகளுக்குப் போன் செய்தார். கட்டிக்கொடுத்து வேறு ஊரில் இருக்கிறவள். அம்மாவைத் தேடிப் பெரிய இடத்திலிருந்து வருகிறார்கள் என்றதும் அழுதாள். அழுது முடித்துவிட்டு யோசனை சொன்னாள்.

"அப்பா, அந்த ரூமைக் கொஞ்சம் பாக்கற மாதிரி வைங்கப்பா. செவுரு பூரா தேமல் புடிச்ச மாதிரி இருக்கும். அவங்க என்ன நினைப்பாங்க?"

"ஆமாம்மா. ஆள் கூப்பிட்டு அடிச்சிடறேன்."

திங்கட்கிழமை காலையில் பெயிண்டர் வந்தார். நம் பேச்சில் வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறவரும் பெயிண்டர்தான், படம் வரைகிறவரும் பெயிண்டர்தான். வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், விரலால் தடவினார், பக்கவாட்டில் தலையைச் சாய்த்து நோட்டம் விட்டார்.

"ஐயா, இது வருஷக்கணக்கா ஏறின பூச்சு. மேலாப்புல ஒரு கோட்டு அடிச்சு விட்டுடலாம், மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும். ஆனா உள்ள இருக்கிற மேடு பள்ளம் கொஞ்சம் தெரியும்."

பெட்டிக்காரர் யோசித்தார். ஒப்பேற்றுகிற வேலை அவருக்கு என்றைக்குமே பிடிக்காது. ஒரு பெட்டியையும் அவர் இடம் மாற்றிக் கொடுத்ததில்லை, ஒரு பல்லும் அவர் கையில் உடைந்ததில்லை.

"வேணாம்ப்பா. நல்லா சுரண்டிட்டு, தேய்ச்சுட்டு, அப்புறம் அடிங்க. நம்ம வீட்டம்மாவைத் தேடிக்கிட்டு வர்றாங்க."

இரண்டு நாள் பிடித்தது. "என்னய்யா இது, உரிக்க உரிக்க வெங்காயம் மாதிரி வந்துட்டே இருக்கு? வெள்ளைக்குக் கீழே வெள்ளை, அதுக்குக் கீழேயும் வெள்ளை!" என்று பெயிண்டர் அலுத்துக்கொண்டார். பெட்டிக்காரர் அவருக்கு இரண்டு வேளையும் டீ போட்டுக் கொடுத்தார். சுரண்டி எடுத்த தூளை மூன்று சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் அவரே ஏற்றிவிட்டார். அறை பளிச்சென்று ஆயிற்று.

புதன்கிழமை முழுக்கப் பலகைகளை மாட்டினார். நூல் பிடித்து, மட்டம் பார்த்து, ஆணி அடித்தார். கடிதத்தில் ஓவியத்தைப் பார்க்க வருகிறோம் என்று ஒருமையில் எழுதியிருந்தது. ஒன்றுதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள் பாவம், இங்கே முப்பத்து நாலு இருக்கிறது. ஏணியிலிருந்து இறங்கி, வாசலுக்குப் போய் நின்று பார்த்தார். புது வெள்ளைச் சுவரில் ஒவ்வொரு பலகையும் எடுப்பாகத் தெரிந்தது. ஏழு மாதத்தில் முதல் தடவையாக, பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் காட்சிக்கூடத்திலிருந்து ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். தோளில் கேமரா, கையில் ஒரு கோப்பு. வாசலிலேயே இரண்டு கைகளாலும் பெட்டிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைப் பாக்க எத்தனை நாளா தேடினோம் தெரியுமாய்யா?" என்றார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, முதலில் அந்த அறை என்றார்.

உள்ளே போனவர் பலகைகளைப் பார்த்தார். பிறகு இடது பக்கச் சுவரைப் பார்த்தார், வலது பக்கத்தைப் பார்த்தார், திரும்பிக் கதவுப் பக்கம் பார்த்தார். புதுப் பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியிருக்க வேண்டும். முகம் மாறிவிட்டது.

"ஐயா, ஜன்னல் இருக்கிற பின்னறை இதுதானே? வேற ரூம் எதுவும் இல்லையே?"

"இதேதாம்மா. நீங்க ஒண்ணுன்னு எழுதியிருந்தீங்க. மொத்தம் முப்பத்தி நாலு இருக்கு. நிதானமா பாருங்க."

அந்தப் பெண் ஒரு பலகையைக் கழற்றி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். விளிம்பில் காய்ந்து ஒட்டியிருந்த தூரிகை மயிரை விரலால் தொட்டார்.

"இது பெயிண்ட் கலக்கிற பலகைங்கய்யா" என்றார், மெதுவாக.

பெட்டிக்காரருக்குப் புரியவில்லை. அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து கோப்பைப் பிரித்தார். முன்பல்காரன் இப்போது பெரிய ஆளாம். வெள்ளையை மட்டும் வைத்துக்கொண்டு அவன் செய்த படங்கள் எங்கெங்கோ இருக்கின்றனவாம். அவனைப் பார்த்து இன்னும் ஏழெட்டுப் பேர் அதே வழியில் போய்ப் பேர் வாங்கியிருக்கிறார்களாம். இத்தனை நாள் எல்லாரும் அவனைத்தான் மூலவர் என்று நினைத்திருந்தார்கள். போன வருடம் ஒரு பேட்டியில் அவனே வாயைத் திறந்திருக்கிறான். அந்தப் பெண் வாசித்தார்:

"நான் ஒரு சுவரிலிருந்து திருடியவன். பல் செய்கிற ஓர் அம்மாவின் வீட்டில், பின்னறையில் இருக்கிறது. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். பூசி, பார்க்கிறேன் என்றார். பூசுவது ஒரு நிமிடம், மீதி நேரம் முழுக்கப் பார்ப்பதுதான். அறுபது வெள்ளை வரை எண்ணினேன், அதற்கு மேல் எனக்குக் கண் போதவில்லை. நானும் எனக்குப் பின்னால் வந்தவர்களும் செய்ததெல்லாம் அந்தச் சுவரின் ஒரு மூலை."

பூசிப் பாக்கறேன். பூசி, பாக்கறேன். ஒரு மூச்சு இடைவெளிதான் வித்தியாசம். அவள் தினமும் இரண்டு வேலையைச் சொல்லியிருக்கிறாள். இவர் இருபத்திரண்டு வருடமும் ஒன்றைத்தான் கேட்டிருக்கிறார். வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்துப் போனது. பெட்டிக்காரர் அதை முழுதாகக் கேட்டார்.

"பரவாயில்லைய்யா, பதறாதீங்க" என்றார் அந்தப் பெண். குரலில் ஒரு நம்பிக்கை வந்திருந்தது. "மேல அடிச்சதை எடுத்துடலாம். அதுக்குன்னே எங்ககிட்ட ஆளுங்க இருக்காங்க. மாசக்கணக்கானாலும் ஆகட்டும், கீழ இருக்கிறதைக் காப்பாத்திடலாம்."

பெயிண்டர் அவராகச் செய்துவிட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யார் போய்க் கேட்கப்போகிறார்கள்? பெட்டிக்காரருக்கு அது தோன்றவும் செய்தது. தோன்றியதே ஒரு கேவலமாக இருந்தது.

"கீழ ஒண்ணும் இல்லம்மா. நான்தான் சுரண்டச் சொன்னேன். சிமெண்டு தெரியற வரைக்கும் சுரண்டினோம்."

அந்தப் பெண் கோப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைம்பாங்க" என்றார் பெட்டிக்காரர். "அது நான்தான்."

"அப்படிச் சொல்லாதீங்கய்யா. போட்டோ ஏதாச்சும் இருக்கா? மகள் சின்னப் பிள்ளையா இருந்தப்ப எடுத்தது, பின்னாடி செவுரு தெரியற மாதிரி?"

ஒன்றுகூட இல்லை. தேமல் பிடித்த சுவருக்கு முன்னால் பிள்ளையை நிறுத்தி யார் படம் எடுப்பார்கள்? எடுத்ததெல்லாம் முன்னறைத் திரைக்கு முன்னால்தான். மகளுக்குப் போன் செய்து கேட்டார்கள். அவளிடமும் இல்லை. பேட்டி கொடுத்தவனும் எடுக்கவில்லையாம். அந்த அம்மா வேண்டாம் என்றதால் விட்டுவிட்டானாம்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் எழுந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை அதன் பழைய இடத்தில், சுவரைப் பார்த்தாற்போல் போட்டார். அந்த இடம் எது என்று தரையில் தேய்ந்திருந்த நாலு புள்ளிகளே காட்டின.

"உக்காருங்கய்யா. அவர் மூணு நாள் பாத்தவர். நீங்க இருபத்திரண்டு வருஷம் இதுக்கு நேரா உக்காந்தவர். உங்களை விட்டா இப்ப யாரும் இல்ல. ஞாபகத்துல என்ன இருக்கோ சொல்லுங்க. எங்க எந்த வெள்ளை, எது கனமா, எது லேசா, எது மஞ்சப் பக்கம். இடது மூலையிலருந்து மெதுவா வாங்க. நான் எழுதிக்கிறேன்." ஒலிப்பதிவுக் கருவியை அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

பெட்டிக்காரர் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தார். இனி இதுதான் அவளுக்குச் செய்ய மிச்சமிருப்பது. இடது மூலை. ஜன்னல் வெளிச்சம் முதலில் அங்கேதான் விழும்.

வெளிச்சம் வந்தது. கொண்டையில் செருகிய தூரிகை வந்தது. ஒரு காலை ஊன்றி மற்றக் காலின் விரலால் குதிகாலைச் சொறிந்துகொள்வாள், அது வந்தது. முழங்கையில் அப்பிய சுண்ணாம்பு. தோள்பட்டை வலி கண்ட வருடம் வலது தோள் ஒரு விரற்கடை தாழ்ந்தே இருக்கும், அந்தத் தோள். பழைய நீலச் சட்டையின் முதுகில் வியர்வை எந்த இடத்தில் முதலில் ஊறும் என்பது. இருமல் தொடங்கிய பிறகு முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் துணிக்கு மேலே தெரிய ஆரம்பித்தது. கடைசி மாதங்களில் ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே சுவரில் கையை ஊன்றி நின்றாள். எல்லாம் வந்தது. நாள் வாரியாகச் சொல்லச் சொன்னாலும் அவரால் சொல்ல முடியும்.

நாற்காலியில் இருந்தபடியே தலையை இடது பக்கம் சாய்த்தார். பிறகு வலது பக்கம் சாய்த்தார். கழுத்தை எக்கினார்.

"என்னய்யா?" என்றார் அந்தப் பெண்.

கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"தெரியலம்மா. அவ மறைச்சுக்கிட்டு நிக்கிறா. கொஞ்சம் தள்ளி நின்னான்னா சொல்லிடுவேன்."